மஞ்சளித்த ஹெட்லைட்: தேய்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி இது: 2010 மாடல் ஸ்விஃப்ட். இரண்டு ஹெட்லைட்டும் மஞ்சளித்து, மேல் பாதி பால் படிந்தது போல மங்கிவிட்டது. இரவில் திண்டிவனம் தாண்டினால் சாலையோர வெள்ளைக் கோடுகூடச் சரியாகத் தெரிவதில்லை. பட்டறையில் தேய்த்துப் பாலிஷ் போட்டால் போதும் என்கிறார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் செட்டையே, அதாவது லென்ஸும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த முழு விளக்கையே, மாற்றச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

விளக்கைப் பார்க்காமல் யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். பழைய காரில் வெளிச்சம் குறைய நான்கு இடங்கள் உண்டு: லென்ஸின் வெளிப்பக்கம், லென்ஸின் உட்பக்கம், பல்புக்குப் பின்னால் இருந்து ஒளியை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்டர், பல்புக்கு வந்து சேரும் வோல்டேஜ். தேய்த்தால் சரியாவது முதலாவது மட்டும். செட்டை மாற்றினால் முதல் மூன்றும் சரியாகும். நான்காவது, புது செட் போட்டாலும் அப்படியே இருக்கும். பணத்தைச் செலவழித்த பிறகும் "முன்னைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான்" என்று பலர் சொல்வதற்குக் காரணம், எது கெட்டது என்று பார்க்காமலே வேலையை ஆரம்பிப்பதுதான்.

முதலில் ஏன் மஞ்சளிக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. அம்பாசடரின் உருண்டை விளக்குக்கு முன்னால் இருந்தது கண்ணாடி. அது உடையும், கல் பட்டுத் தெறிக்கும், ஆனால் மஞ்சளிக்காது. உங்கள் காரில் இருப்பது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். லென்ஸின் ஓரத்தில் வார்த்திருக்கும் குறியீடுகளில் 'பி.எல்.' என்ற இரண்டு எழுத்து இருந்தால் அது பிளாஸ்டிக் லென்ஸ் என்று பொருள். பாலிகார்பனேட் கல்லடியைத் தாங்கும், வெயிலைத் தாங்காது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் அதன் மேற்பரப்பை அரித்து மஞ்சளாக்கும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன்மேல் சில மைக்ரான் தடிமனில் கடினமான ஒரு பூச்சைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சு தேய்ந்து, பொரிந்து, உரிய ஆரம்பித்த நாளிலிருந்து பிளாஸ்டிக் வெயிலுக்கு நேராக நிற்கிறது. மேல் பாதி முதலில் கெடுவது அதற்குத்தான்: அங்கேதான் வெயில் நேராக விழுகிறது. ஒரு பக்க விளக்கு மட்டும் அதிகம் மஞ்சளித்திருந்தால், கார் தினமும் நிற்கும் இடத்தில் எந்தப் பக்கம் வெயில் படுகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பட்டறையில் தேய்க்கும்போது பழுதான பூச்சோடு மிச்சம் இருக்கும் நல்ல பூச்சும் போய்விடுகிறது. அதற்கு மாற்றாகப் புதுப் பூச்சு போடாமல் வெறும் பாலிஷோடு அனுப்பினால், அன்று கண்ணாடி போல மின்னும் லென்ஸ் அடுத்த கோடைக்குள் முன்னைவிட மோசமாகும். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பட்டறையில் என்ன கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்: "தேய்த்த பிறகு மேலே என்ன பூசுவீர்கள்?" பதிலில் டூ-கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமற்ற பூச்சு), யூ.வி. கோட்டிங் (புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு), பி.பி.எஃப். ஃபிலிம் (மேலே ஒட்டும் தெளிவான பாதுகாப்புத் தாள்) என்று ஏதாவது ஒன்று வர வேண்டும். "வேக்ஸ் போடுவோம்" என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீங்களே மறுபடி வேக்ஸ் போட வேண்டியிருக்கும்.

இனி பரிசோதனை. ஒரு மக் தண்ணீரை லென்ஸ் மேல் ஊற்றுங்கள். நனைந்திருக்கும் அந்தச் சில நொடிகளில் உள்ளே இருக்கும் பல்பும் ரிஃப்ளெக்டரும் தெளிவாகத் தெரிந்தால் மங்கல் வெளிப்பக்கத்தில்தான், தேய்த்தால் போய்விடும். பொரிந்த மேற்பரப்பின் பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால்தான் அந்த நேரத்துக்குத் தெளிவு வருகிறது. பிறகு போடப்போகும் கிளியரும் அதே வேலையைத்தான் செய்யப்போகிறது. நனைந்த பிறகும் புகை படிந்தது போலவே இருந்தால் கோளாறு உள்ளே.

அடுத்து, மொபைல் டார்ச்சை லென்ஸ் மேல் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் உடம்புக்குள்ளேயே சிலந்தி வலை போல நுண்ணிய கீறல்கள் மின்னினால் அது விரிசல், மேற்பரப்பில் உள்ள அழுக்கோ தேய்மானமோ இல்லை. எந்த வாட்டர் பேப்பரும் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) அதை எடுக்காது, தேய்க்கத் தேய்க்க இன்னும் நன்றாகத் தெரியும். அந்த லென்ஸுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

பிறகு பின்னாலிருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, பல்பை எடுத்துவிட்டு, அதே டார்ச்சால் ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். வெள்ளி போல மின்ன வேண்டும். பல்புக்கு நேர் மேலே பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு திட்டு, வானவில் நிறத்தில் ஒரு வட்டம், தோல் உரிவது போல உரிதல், இவற்றில் எது இருந்தாலும் செட்டை மாற்றுவதுதான் வழி. ரிஃப்ளெக்டரின் பளபளப்பு வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம், ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிமன். துணியால் அழுத்தித் துடைத்தாலே அது கையோடு வந்துவிடும். குரோம் ஸ்ப்ரே அடித்துத் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், ஆனால் அந்தப் பரப்பு ஒளியைச் சிதறடிக்கும், சாலையில் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழாது. திட்டு வந்ததற்கான காரணத்தையும் பாருங்கள். இந்த விளக்கில் இருக்கும் ஹெச்4 பல்பு, பிரைட்டும் டிம்மும் ஒன்றிலேயே உள்ள வகை, 60/55 வாட். யாராவது எப்போதோ 100/90 வாட் பல்பு போட்டிருந்தால் அந்தச் சூட்டில் ரிஃப்ளெக்டரும் ஹோல்டரும் வயரும் சேர்ந்து வெந்திருக்கும். ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்படியானால் புது செட்டோடு பீங்கான் ஹோல்டரும் வாங்குங்கள்.

கடைசியாக வோல்டேஜ். மல்டிமீட்டர் இல்லாத எலக்ட்ரீஷியன் இல்லை, பத்து நிமிட வேலை. எஞ்சின் ஓடட்டும், டிம் லைட் எரியட்டும். பேட்டரியில் அளந்தால் 13.8இலிருந்து 14.2க்குள் இருக்கும். அதே நேரத்தில், பல்பைக் கழற்றாமல், ஹோல்டரின் பின்பக்கமாக பல்பின் டிம்முக்கான இரண்டு முனைகளில் அளங்கள். அரை வோல்ட் குறைந்தால் பரவாயில்லை. பேட்டரியில் 13.8 இருந்து பல்பில் 12.0தான் வருகிறது என்றால், லென்ஸ் புதிதாக இருந்தாலும் ஏறக்குறைய நாற்பது சதவீத வெளிச்சம் வழியிலேயே தொலைந்துவிட்டது. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும்: பத்து சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் முப்பது சதவீதம் வெளிச்சம் போகும். பெரும்பாலும் குற்றவாளி, எர்த் வயரைக் கார் உடம்போடு இணைக்கும் துருப்பிடித்த எர்த் போல்ட். பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே அளந்து 0.2 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். எர்த் சரியாக இருந்தும் குறைகிறது என்றால் ஸ்டியரிங்கில் இருக்கும் சுவிட்சும் அதற்குப் போய்வரும் மெல்லிய வயரும்தான் காரணம். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் நேராக இழுத்தால் தீர்ந்துவிடும். ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். அது தள்ளி இருந்தால், அதுவரையுள்ள வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற எதுவும் இருக்காது.

இந்த நான்கையும் பார்த்தபின் முடிவு தானாக வந்துவிடும். மங்கல் வெளியில் மட்டும், ரிஃப்ளெக்டர் மின்னுகிறது, விளக்கைக் காரோடு பிடித்துவைக்கும் காதுகள் உடையவில்லை என்றால் தேய்த்துக் கிளியர் போடுங்கள். ரிஃப்ளெக்டர் கருகியது, உள்ளே விரிசல், தண்ணீர் புகுந்து காய்ந்த கறை, காது உடைந்து விளக்கு ஆடுகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றுங்கள். எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வாகன உரிமையாளர் அமைப்பான ஏ.ஏ.ஏ. 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாக மஞ்சளித்த விளக்கு புது விளக்கின் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தந்தது. தேய்த்துச் சீராக்கியதும் சுமார் 70 சதவீதம் திரும்பியது. கம்பெனி அசல் செட் 100 சதவீதம், வேறு தயாரிப்பாளர்களின் வெளிச்சந்தை செட் 83 முதல் 90 சதவீதம். ஆகவே தேய்ப்பது ஏமாற்று வேலை இல்லை, இருபது எழுபதாவது பெரிய விஷயம். ஆனால் மாதத்தில் பத்து நாள் நெடுஞ்சாலையில் இரவு ஓட்டுபவர் என்றால் அந்த மீதி முப்பதும் உங்களுக்கு வேண்டும். அவர்களுக்கு என் பரிந்துரை அசல் செட்தான். ஊருக்குள் மட்டும் ஓடும் காருக்கு ஒழுங்காகத் தேய்த்தது போதும்.

தேய்ப்பதை எப்படிச் செய்வது? உங்களாலேயே முடியும், அரை நாள் வேலை. வேண்டியவை: 800, 1000, 1500 எண் வாட்டர் பேப்பர் தலா இரண்டு ஷீட், மாஸ்கிங் டேப், ஷாம்பு கலந்த தண்ணீர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஹார்டனரோடு கலக்கும் டூ-கே கிளியர். இரண்டு விளக்குக்கும் கலந்த கிளியர் 100 மில்லி தாராளம். ஸ்ப்ரே கன் இல்லையென்றால் தேய்ப்பதை வீட்டில் முடித்துவிட்டு, கிளியர் அடிக்க மட்டும் பெயிண்டிங் பட்டறைக்குப் போகலாம்.

விளக்கைக் கழுவித் துடைத்து, சுற்றியுள்ள பானட், பம்பர், ஃபெண்டர் ஓரங்களில் டேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள். ஒரு சுற்று பேப்பர் ஓரத்திலேயே கிழிந்து பெயிண்டில் கோடு விழும். 800இல் ஆரம்பித்து, தண்ணீர் விட்டுக்கொண்டே, ஒரே திசையில் இடம் வலமாகத் தேயுங்கள். முதலில் மஞ்சள் கலந்த கூழ் வழியும். அது உரியும் பழைய பூச்சு. தேய்க்கத் தேய்க்க அந்தக் கூழ் பால் வெள்ளையாக மாறும், அப்போது பிளாஸ்டிக்கைத் தொட்டுவிட்டீர்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். துடைத்துக் காயவிட்டுச் சாய்வாகப் பாருங்கள்: நில வரைபடத்தில் தீவுகள் போல, கூரான விளிம்போடு சில திட்டுகள் தெரியும். அவை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பூச்சு, பெரும்பாலும் கீழ் ஓரத்திலும் மூலைகளிலும் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு மேலே கிளியர் அடித்தால் அந்த விளிம்பு அப்படியே நிரந்தரமாகத் தெரியும், சில மாதத்தில் அங்கிருந்துதான் உரியவும் ஆரம்பிக்கும். லென்ஸ் முழுவதும் ஒரே சீரான வெள்ளை மங்கலாகும் வரை 800ஐ விடாதீர்கள். மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு கட்டத்துக்கே போகும், போகட்டும்.

பிறகு 1000, இந்த முறை மேலும் கீழுமாக. திசையை மாற்றுவதால் 800 போட்ட குறுக்குக் கோடுகள் மிச்சம் இருந்தால் கண்ணில் படும். அவை முழுவதும் மறைந்த பிறகு 1500, மறுபடி இடம் வலமாக. கிளியர் அடிக்கப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்துங்கள். 2000, 3000 என்று போய்க் காம்பவுண்ட் (பாலிஷ் பசை) போட்டு மின்னவைத்துவிட்டு அதன்மேல் கிளியர் அடிப்பது பட்டறைகளிலேயே நடக்கும் தவறு. வழவழப்பான பரப்பில் கிளியருக்குப் பிடிப்பு கிடையாது, ஒரு வருடத்தில் தோல் தோலாக வரும். 1500இன் நுண்ணிய கோடுகளைக் கிளியரே நிரப்பித் தெளிவாக்கிவிடும். அதே சமயம், கிளியர் போடாமல் ஃபிலிம் ஒட்டப் போகிறீர்கள் என்றால் 2000, 3000 வரை போய்க் காம்பவுண்டால் நன்றாகத் தெளிவாக்கியே ஆக வேண்டும். மெஷின் பஃப் என்றால் குறைந்த வேகம், ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. சூடேறினால் பிளாஸ்டிக் இளகி இழுபட்டு அலை விழும், அதை மறுபடி 800இலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கிளியருக்கு முன் லென்ஸை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். பெயிண்டர்கள் வழக்கமாகத் தின்னரில் துடைப்பார்கள். லென்ஸில் அதைச் செய்ய விடாதீர்கள். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் எல்லாமே பாலிகார்பனேட்டுக்குள் இறங்கி விரிசல் விடவைக்கும். கிளியரும் ஹார்டனரும் எவ்வளவுக்கு எவ்வளவு என்பது டப்பாவில் போட்டிருக்கும், இரண்டுக்கு ஒன்று என்பது பரவலான அளவு. முதல் கை மிக மெல்லியதாக, தூவினாற்போல. ஐந்து பத்து நிமிடம் விட்டு இரண்டாம் கை, ஈரம் மின்னும் அளவுக்கு. தேவைப்பட்டால் மூன்றாவது. முதல் கையையே கனமாக அடித்தால் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகும் முன் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். மழைக்கால ஈரக்காற்றில் அடிக்க வேண்டாம், வெளிறிப்போகும். டூ-கே கிளியரின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூக்கில் கைக்குட்டை கட்டினால் அதைத் தடுக்காது, நுரையீரலுக்கு அது கெடுதல். ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் இல்லாமல் அடிக்காதீர்கள், வீட்டு கராஜில் கதவை மூடிக்கொண்டு ஒருபோதும் வேண்டாம். இதற்குப் பதிலாக ஹார்டனர் இல்லாத சாதாரண கிளியர் ஸ்ப்ரே டப்பா கடையில் கிடைக்கும். விலை குறைவு, ஆனால் சில மாதத்திலேயே அதுவே மஞ்சளித்து உரியும்.

மூன்று குறுக்கு வழிகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். டூத்பேஸ்ட் ஒரு மெல்லிய அரம், அவ்வளவுதான். மேல் அழுக்கை எடுக்கும், சில வாரத்தில் பழையபடி ஆகும். கெடுதல் அதிகம் இல்லை. கொசு விரட்டி மருந்தால் துடைக்கும் வீடியோக்கள் அப்படியல்ல. அதிலுள்ள டீட் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைத்து இழைக்கிறது, அதனால்தான் உடனே பளிச்சென்று தெரிகிறது. இன்னொன்று, கப்பில் ஒரு திரவத்தைச் சூடாக்கி அதன் ஆவியை லென்ஸ் மேல் காட்டும் 'ஸ்டீம் பாலிஷ்'. பத்து நிமிடத்தில் புதுசு போலாகும், பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள். அந்தத் திரவம் பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன் வகைக் கரைப்பான். ஆவி பிளாஸ்டிக்கின் மேல் தோலை உருக்கிச் சமப்படுத்துகிறது, அதன்மேல் வெயிலைத் தடுக்கும் எந்தப் பூச்சும் மிஞ்சுவதில்லை. அப்படி உருகி இறுகிய பரப்பு உள்ளே இழுவிசையோடு இருப்பதால் பிற்பாடு விரிசல் விடும், அப்புறம் தேய்த்துக் காப்பாற்றவும் முடியாது. அந்த ஆவியைச் சுவாசிப்பது செய்பவருக்கே ஆபத்து.

மாற்றுவது என்று முடிவானால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதிது என்றால் கண் பிரகாசமான பக்கத்துக்குப் பழகி, மற்ற பக்கம் இன்னும் இருட்டாகத் தெரியும். முதல் தேர்வு கம்பெனி ஜெனியூன் பார்ட்ஸ். அடுத்தது, லூமேக்ஸ், ஊனோ மிண்டா போன்ற இந்திய விளக்குத் தயாரிப்பாளர்களின் சொந்தப் பெட்டியில் வருவது. பெயரில்லாத பெட்டியில் பாதி விலைக்கு வருவதை எடுக்கும் முன், கடையிலேயே ஒரு பேட்டரியில் இணைத்து எதிர்ச் சுவரில் டிம் அடித்துப் பாருங்கள். மேல் விளிம்பு கோடு போட்டது போல வெட்டாக நிற்க வேண்டும், நம் சாலைக்கு இடப் பக்கம் மட்டும் அந்தக் கோடு மேல்நோக்கி ஏற வேண்டும். கோடு கலங்கலாக இருந்தால் எதிரே வருபவர் கண்ணில்தான் அந்த வெளிச்சம் விழும், சாலையில் இல்லை. சென்னையின் பழைய வாகன உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய அசல் செட் தேடுவதும் நல்ல வழியே. ஆனால் அங்கேயும் தண்ணீர், டார்ச் சோதனைகளைச் செய்யுங்கள், மூன்று காதுகளும் ஒட்டுப்போடாமல் இருக்கின்றனவா, உயரத்தைச் சரிசெய்யும் திருகு சுற்றுகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த செட்டில் கோடு வலப் பக்கம் ஏறினால் அது வலதுபுறமாக ஓட்டும் நாட்டுக்கானது, எவ்வளவு புதிதாக இருந்தாலும் வேண்டாம்.

ஹாலஜன் செட்டில் எல்.இ.டி. பல்பு போட்டால் பிரச்சினை தீருமா என்று அடுத்து கேட்பீர்கள். அந்த ரிஃப்ளெக்டர் ஹெச்4 பல்பின் கம்பிச்சுருள் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு வளைத்தது. எல்.இ.டி. சிப் அந்த இடத்திலும் வடிவத்திலும் அச்சு அசலாக இருப்பதில்லை. காருக்கு அருகே தரை வெள்ளையாகத் தெரியும், தூரத்தில் ஒன்றும் தெரியாது. மங்கிய லென்ஸோடு சேர்ந்தால் எதிர் வண்டிக்காரருக்குக் கண் கூசும். நல்ல 60/55 ஹாலஜன் ஜோடி ஒன்றைப் புதிதாகப் போடுங்கள், கண்ணாடிப் பகுதியை விரலால் தொடாமல்.

தேய்த்தாலும் மாற்றினாலும் கடைசி வேலை உயரம் சரிபார்ப்பது. டயர் காற்று சரியாக, டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்து, விளக்கு உயரச் சுவிட்ச் 0இல். சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். பல்பு மையத்தின் உயரத்தைச் சுவரில் இரண்டு பக்கத்துக்கும் டேப்பால் குறியுங்கள். டிம் போட்டால் வெட்டுக் கோடு அந்த டேப்புக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். பல செட்டுகளின் மேல் ஓரத்தில் 1.0%, 1.2% என்று அச்சிட்டிருக்கும், அந்த எண்ணை 5ஆல் பெருக்கினால் எத்தனை சென்டிமீட்டர் என்பது வந்துவிடும். தெளிந்த லென்ஸை உயரம் தவறி வைத்தால் பழைய மங்கல் லென்ஸைவிட எதிரே வருபவருக்குத் தொல்லை அதிகம்.

கிளியர் அடித்த லென்ஸை ஒரு வாரத்துக்கு அழுத்திக் கழுவாதீர்கள். ஒரு மாதம் கழித்து ஓரங்களை நகத்தால் மெல்ல நிமிண்டிப் பாருங்கள். எங்காவது தூக்கினால் அது பிடிக்காத இடம், சிறிதாக இருக்கும்போதே பட்டறையில் காட்டி அந்த விளக்கை மறுபடி செய்து வாங்குங்கள்.